நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன்

போன மாதம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மறுவாரமே கியாரா தொலைபேசியில் அழைத்தாள். கியாரா இப்போது எங்கள் அலுவலகத்தை, நாங்கள் சொல்கிற கந்தோரை, நடத்துகிற இளம் கட்டடக்கலைஞர். புதிதாக ஒரு சாமான் வாங்கியிருப்பதாகவும் நான் உடனே வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், கபோ சந்தைக்கு அருகில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலுக்குள் நின்றாள். நடுவில் முக்காலி ஒன்று, அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி. பெட்டி தன்பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னும் மூன்று இடத்துக்கு அதை நகர்த்தி வைத்தாள். அரை மணித்தியாலத்தில் தூண், வளைவு, கூரை எல்லாம் அளவுகளோடு கணினித் திரையில் வந்துவிட்டன.

"இதே கோயிலை நீங்களும் அர்கிதெத்தோவும் அளந்தீர்களே, எத்தனை நாள் எடுத்தது?" என்று கேட்டாள்.

"பதினேழு நாள்."

கியாராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பதினேழு நாள்! அவ்வளவு நாளும் இரண்டு பேரும் என்னதான் செய்தீர்கள்?"

நியாயமான கேள்விதான். வாயால் சொல்லி முடிக்க இயலாது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் பெயர் சவிரிமுத்து. ஊர் மன்னார். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்புக்குச் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் சண்டை வந்தது. கல்லூரி மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. ஒருநாள் மூடியது, பிறகு அது திறந்ததை நான் பார்க்கவில்லை. பல நாடுகளைச் சுற்றி பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்த கல்வி, நேர்கோடு கீறத் தெரியும் என்பது மட்டும்தான். அந்த நேரம் இங்கே எங்கள் ஆட்களிடம் யாரும் நேர்கோடு கேட்கவில்லை. மாடிப்படி துடைக்கத் தெரியுமா, வயதானவரைக் குளிப்பாட்டத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். இரண்டையும் செய்தேன். குவெஸ்தூராவில் வதிவிடப் பத்திரம் எழுதிய பொலிஸ்காரர் சவிரிமுத்து என்ற பெயரை மூன்றுதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "சவேரியோ, சரிதானே?" என்றார். சவிரியும் சவேரியோவும் ஒரே புனிதரின் பெயர்தான் என்று எனக்குத் தெரியும். பொலிஸ்காரருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

அர்கிதெத்தோ என்றால் இத்தாலியனில் கட்டடக்கலைஞர். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் ஒருவரைத்தான் குறிக்கும். ஹார்லன் என்ற அமெரிக்கர். நல்ல உயரம், நரைத்த குறுந்தாடி, வெயில் காலத்திலும் கழுத்துப்பட்டி. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தகப்பனாருக்குக் குரல் மிக மெல்லியதாம். ஞாயிறுதோறும் தகப்பனின் பிரசங்கத்தில் பாதி கடைசி வரிசைக்கு வந்து சேராததைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர், பெரியவனாகி எல்லோருக்கும் கேட்கிற கோயில் கட்டுவேன் என்று முடிவெடுத்தாராம். கோயில்கள் கட்டினார். கோயில் கட்டியவருக்கு மண்டபமும் கட்டத் தெரியும் என்று பல்கலைக்கழகங்கள் அழைத்தன. நூலகங்களும் விரிவுரை மண்டபங்களும் கட்டினார். ஐம்பது வயதில், இங்கேயுள்ள பழைய கோயில்களைப் படம் வரைந்துகொண்டு போவதற்காக ஒரு வருட விடுமுறையில் பலெர்மோவுக்கு வந்தார். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. கபோவில் மீன்கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறை எடுத்துக் கந்தோர் போட்டுவிட்டார்.

அந்தக் கந்தோரை வாரத்தில் இரண்டு நாள் துடைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஒரேயொரு கட்டளை: வரைபட மேசையைத் தொடக்கூடாது. நான் மேசையைத் தொடாமல் சுற்றி வரத் துடைத்தேன். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு துடைக்கச் சொல்லவில்லையே. ஒருநாள் மேசையில் ஒரு மாடிப்படியின் படம் கிடந்தது. மேலிருந்து பார்க்கிற படத்தில் பதினேழு படி. வெட்டிப் பார்க்கிற படத்தில் பதினெட்டு. இரண்டுதரம் எண்ணினேன். பிறகு பென்சிலை எடுத்து, அந்தப் பதினெட்டாம் படிக்குப் பக்கத்தில் எறும்பின் தலை அளவுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்தமுறை போனபோது மனிதர் கதவுக்கு நேரே கதிரை போட்டுக் காத்திருந்தார்.

"இந்தப் புள்ளி யாருடையது?"

பயத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. "என்ரைதான்." பிறகு இத்தாலியனில் சொன்னேன்.

"ஏன் வெறும் புள்ளி? பிழை என்று எழுதியிருக்கலாமே?"

"மேசையைத் தொடக்கூடாது என்று சொன்னீர்கள். புள்ளி வைத்தால் தொட்டதாகாது என்று நினைத்தேன்."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஸ்டர் முத்து, நாளையிலிருந்து இந்தக் கந்தோரைத் துடைக்க வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

வேலை போய்விட்டது என்று நினைத்து வாளியைக் கையில் எடுத்தேன்.

"வாளியை வையுங்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்" என்றார்.

அன்றிலிருந்து முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய நான் பிடித்த முனை அது. பிறகு படமும் வரைந்தேன். ஆனால் உத்தியோகத்தின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் "மறுமுனை" என்றுதான் சொல்லத் தோன்றும்.

கியாரா கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அவர் நாடாவின் சுழிய முனையை மூலையில் பிடிப்பார். நான் மறுமுனையில் அளவை வாசிப்பேன். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நான் "ஓம்" என்று ஆமோதிப்பேன். அதற்குப் பிறகுதான் கொப்பியில் எழுத்து விழும். திருப்பிச் சொல்லாத அளவு அளக்காத அளவு என்பது அவருடைய சட்டம். சுவரோடு சுவர் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய கோயில்களில் ஒரு மூலைகூட நேரான மூலை இல்லை. பிறகு இருவரும் முனைகளை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் தரம். நான் அவசரத்தில் இலக்கங்களைத் தமிழில் சொல்லிவிடுவேன். அவர் அதையும் திருப்பிச் சொல்வார். இப்படியே இருபது வரைக்கும் தமிழ் படித்துவிட்டார். பத்தொன்பது மட்டும் கடைசிவரை அவருடைய வாய்க்குள் அடங்கவில்லை. அதனால் பத்தொன்பது வருகிற இடத்தில் நாடாவை ஒரு விரல் தள்ளிப் பிடிப்பார் என்று நான் சந்தேகப்பட்டதுண்டு.

அளப்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது, உட்காருவது. எந்தக் கோயிலில் வேலை வந்தாலும் மூன்று ஞாயிறு பூசைக்குப் போவார். முன்வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. பல்கலைக்கழக மண்டபமென்றால் மாணவர்களோடு விரிவுரைக்குப் போய் இருப்பார். கையில் இருக்கைகளின் படம் ஒன்று வைத்திருப்பார். யாராவது நித்திரை கொண்டால் அந்த இருக்கைக்கு ஒரு சின்ன வட்டம். "எல்லோரும் தூங்கினால் குற்றம் பேசுகிறவருடையது. ஒரே பக்கம் மட்டும் தூங்கினால் குற்றம் சுவருடையது" என்பார். அந்தப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இந்த ஊரில் எந்தெந்தக் குருவானவருடைய பிரசங்கத்தில் எத்தனை வட்டம் விழுந்தது என்பது எனக்கும் தெரியும். நான் வாய் திறக்க மாட்டேன்.

கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். பென்சில் சீவுவார். ஒரு பென்சில் என்றால் லேசான எரிச்சல். மூன்று என்றால் யாரோ ஒப்பந்தக்காரர் பிழை செய்திருக்கிறார். ஒரு பெட்டி முழுவதும் சீவப்பட்டு வரிசையாகக் கிடந்தால் நான் சத்தமில்லாமல் கீழே போய் மீன்கடைக்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு பெட்டி போதாமல் இரண்டாம் பெட்டி உடைத்த வேலை ஒன்று உண்டு.

அல்பெர்கேரியாவில், பலாரோ சந்தைக்குப் பின்னால், பழைய கன்னியர் மடம் ஒன்றின் கோயில். பல வருடமாக ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ்ப் பூசை அங்கேதான். மற்ற ஆறு நாளும் பூட்டிக் கிடக்கும். பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விரிவுரை மண்டபம் தேவைப்பட்டது. கோயிலுக்குப் பொறுப்பான மேற்றிராணியாருடைய அலுவலகம் ஓர் ஒழுங்கு செய்தது: கிழமை நாட்களில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை கோயில். இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் கட்டடம் திறக்கும், யாராவது ஒரு தரப்பு மாட்டேன் என்றால் முழுவதுமாகப் பூட்டிவிடுவோம், மூன்று மாத அவகாசம் என்றது.

வாழ்நாள் முழுவதும் கோயிலையும் பல்கலைக்கழகத்தையும் தனித்தனியாகக் கட்டியவருக்கு இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தன. மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போய் நடுவில் நின்று ஒருதரம் கைதட்டினார். அந்தச் சந்தோசம் அதோடு போய்விட்டது. ஒரு கைதட்டல் அடங்குவதற்குள் நான் அருள்நிறை மரியே மந்திரத்தில் பாதியைச் சொல்லிவிட்டேன். அப்படியொரு எதிரொலி. பேராசிரியர் ஒருவர் அங்கே பேசினால், முதல் சொல் வெளியே போகாமல் நின்று இரண்டாம் சொல்லை வரவேற்கும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் கட்டிப்பிடிக்கும். எங்கள் ஆட்களுக்கு அது குறையாகப் படவில்லை. பாட்டு அங்கே பொங்கி வழியும். பிரசங்கம் விளங்கவில்லை என்று யாரும் முறைப்பாடு செய்ததுமில்லை.

அர்கிதெத்தோ ஒலியை உறிஞ்சுகிற பலகைகளைத் தேர்ந்தெடுத்தார். பரீட்சைக்காகச் சுவர் முழுவதும் பொருத்தினோம். சட்டப் பேராசிரியர் ஒருவர் வந்து கால் மணித்தியாலம் பேசிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டது. கேட்க வந்த பல்கலைக்கழகக் குழு மகிழ்ச்சியோடு போனது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் பாடற்குழுவை நடத்துவது றெஜினா அக்கா. முதியோர் இல்லமொன்றில் வேலை. குரல் எடுத்தால் பலாரோவில் மீன் விற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். முதல் பாட்டின் இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி சவிரி, இதென்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்? தலகாணிக்குள்ளை முகத்தை வச்சுப் பாடுற மாதிரியெல்லே கிடக்கு."

குருவானவர் ஃபாதர் எமில் சமாதானமாகச் சொன்னார்: "ஆண்டவருக்கு எப்பிடியும் கேக்கும், றெஜினா."

"அவருக்குக் கேக்கும் ஃபாதர். எங்களுக்குக் கேக்கவேண்டாமே? ஒருத்தரின்ரை குரல் மற்றவைக்குக் கேக்காட்டி அது என்ன பூசை?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அர்கிதெத்தோவுக்கு நான் மொழிபெயர்த்தேன். "அந்த அம்மா சொல்வது சரி. பலகைகளைக் கழற்றுங்கள்" என்றார். திங்கட்கிழமை முதல் பெட்டி சீவப்பட்டது.

கழற்றினால் பல்கலைக்கழகக் குழு ஏற்காது. உள்ளே கண்ணாடி அறை கட்டி இருக்கைகளை நிலத்தோடு பொருத்துவோம் என்றது. கண்ணாடி அறைக்குள் பூசை எப்படி? சந்தைக்குப் போக எனக்குக் கால் கூசியது. வாழைக்காய் வாங்க நின்றாலும் யாராவது தோளில் தட்டுவார்கள். "என்னப்பா, உன்ரை துரை எங்கடை கோயிலைப் பூட்டப்போறாராம், உண்மையே?" ஒரு மாதம் போனது, இரண்டாம் மாதமும் பாதி போனது. கூரையிலிருந்து தகடு தொங்கவிடுகிற படம், நகர்கிற சுவர் படம் என்று அவர் வரைந்து வரைந்து கிழித்தார்.

என் மனைவி பிலோமினா, சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்கிற ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்தாள். பெரிய மாளிகை வீடு. ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அன்று நடந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

"இண்டைக்குப் பெரிய சலோன் அறையிலை தொங்கிற வெல்வெட் திரைச்சீலையளைக் கழுவ எண்டு கழட்டினனான் அப்பா. பிறகு சிஞ்ஞோரா 'பிலோமினா' எண்டு ஒருக்காத்தான் கூப்பிட்டவ. நாலு பக்கத்தாலையும் நாலு சிஞ்ஞோரா கூப்பிட்ட மாதிரி இருந்துது. எந்தப் பக்கம் திரும்பி 'ஓம்' எண்டு சொல்லுறதெண்டு தெரியாமல் நிண்டனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன். "சீலை தொங்கேக்கை?"

"தொங்கேக்கை ஒரு சிஞ்ஞோராதான். அதுவே போதும்."

அடுத்த நாள் காலை கந்தோரில் சொன்னேன். தடித்த திரைச்சீலை. கிழமை நாளில் இழுத்து மூடலாம், ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிவிடலாம்.

"திரைச்சீலை வேண்டாம்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

இரண்டு நாள் விட்டு மறுபடி சொன்னேன். இரண்டாம் பெட்டியை உடைத்தார். மூன்றாம் தரம் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அத்தனை வருடத்தில் அவர் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார். அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் கல்லூரிக் கோயில். திறப்பு விழாவில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கல்லூரி நிர்வாகம் சுவரெல்லாம் சீலை கட்டியது. அப்போதும் விளங்கவில்லை. மாணவர்கள் அந்தக் கோயிலுக்குக் குளியலறை என்று பெயர் வைத்தார்கள். கேட்காத குரலோடு வாழ்ந்த தகப்பனார் அந்த விழாவுக்கு வந்து முன்வரிசையில் இருந்தாராம். "நன்றாயிருக்கிறது மகனே" என்றாராம். "என் தகப்பன் சொன்ன ஒரே பொய் அதுதான், மிஸ்டர் முத்து. அதற்குப் பிறகு சீலையைக் கண்டாலே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்."

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அளவெடுத்துப் பழகிய வாய்.

"என்ன சீலை?" என்று கேட்டேன்.

"மெல்லியது. படுக்கை விரிப்பு மாதிரி."

"சுவரிலிருந்து எவ்வளவு தூரம்?"

"தூரமா? சுவரோடு ஆணி அடித்திருந்தார்கள்."

"மடிப்பு?"

"மடிப்பில்லை. இழுத்துக் கட்டியது."

சிஞ்ஞோராவின் சீலை தடிப்பானது, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்குவது, மடிப்பு மடிப்பாக விழுவது என்றேன். அவர் கத்தியையும் அடுத்த பென்சிலையும் எடுத்தார். "வீட்டுக்குப் போங்கள், மிஸ்டர் முத்து" என்றார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

வீட்டில் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. வதிவிடப் பத்திரம் புதுப்பிக்கிற வருடம் அது. வேலை இருந்தால்தான் பத்திரம். வேலை தருகிறவர் அவர். அதைவிட, அந்த மனிதரின் பழைய புண்ணில் கையை வைத்துவிட்டேனே என்ற வேதனை.

பிலோமினா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "அவர் வேண்டாமெண்டா அவரின்ரை படத்திலை போடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் எங்கடைதானே? எங்கடை கோயிலுக்கை நாங்கள் போர்வை காயப்போட்டா ஆர் கேக்கிறது?"

அந்த ஞாயிறு மதியம் அல்பெர்கேரியா ஒழுங்கைகளில் ஓர் ஊர்வலம் நடந்தது. எங்கள் சனத்தின் வீடுகளில் குளிர்காலத்துக்கு வைத்திருக்கிற அந்தத் தடித்த ரோமப் போர்வைகள் தெரியும்தானே? ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டியின் பாரம். தோளில், தலையில், குழந்தை வண்டிலில் என்று வந்து சேர்ந்தன. சிஞ்ஞோரா தன் வெல்வெட் சீலைகளைத் தந்தார், தானும் கூடவே வந்துவிட்டார். கயிற்றுக்கு றெஜினா அக்காவின் புருசன் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவக் கிராமத்துக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடையில் தன்னோடு வேலை செய்கிறவரின் மாமனாரிடம் தோணிக்கயிறு வாங்கி வந்தார். கோயில் முழுக்க மீன் மணம்.

தூணுக்குத் தூண் கயிறு கட்டி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மடிப்பு வைத்துத் தொங்கவிட்டோம். ரோசாப்பூப் போர்வை, மயில் போர்வை, குதிரைப் போர்வை. ஒரு பக்கம் சிங்கத் தலையும் அதை அடுத்துப் புலித் தலையும் வந்துவிட்டன. ஃபாதர் எமில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "இரண்டும் ஒரே கயித்திலை தொங்கிறதை இந்த ஊரிலைதான் பாக்கலாம்" என்றார்.

அர்கிதெத்தோ வழக்கம்போல் பூசைக்கு முன்னரே உட்கார வந்தார். வாசலில் நின்றுவிட்டார். ஏணியின் மேல் நின்ற எனக்கு இறங்கத் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு போர்வையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். புலிக்கு முன்னால் கொஞ்சம் நேரம் நின்றார். சுவருக்கும் போர்வைக்கும் இடையில் கையை விட்டு முழங்கை வரை அளந்தார். பிறகு நேரே வாசக மேடைக்குப் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார்.

அது அவருடைய பரீட்சைக் கடதாசி. அர்த்தமில்லாத அசைகள் நூறு. "பா, மோ, கி, பூ" என்று ஒவ்வொன்றாக வாசிப்பார், கேட்கிறவர்கள் எழுத வேண்டும். தெரிந்த செபத்தை வாசித்தால் கேட்காத சொல்லையும் மனம் நிரப்பிக்கொள்ளும், அர்த்தமில்லாதது என்றால் காது பொய் சொல்லாது என்பது அவர் முறை. எங்கள் சனம் முப்பது பேர் கையில் பாட்டுத்தாளின் பின்பக்கத்தோடும் பேனையோடும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதல் எழுதியதற்குப் பிறகு இன்றைக்குத்தான் என்று யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது.

விடைத்தாள்களைச் சேர்த்தோம். எல்லோரும் தமிழில் எழுதியிருந்தார்கள். நான் வாசித்தேன், அவர் சரி பிழை போட்டார். முதல் தாள் முடிந்தபோது அவருடைய முகம் இருண்டது. இரண்டாவதும் அப்படியே.

"பா என்று நான் சொன்னதற்கும் பா, B போட்டு அழுத்திச் சொன்னதற்கும் அதே பா. கா இரண்டும் ஒன்றாகிவிட்டது. டா இரண்டும் ஒன்று. முப்பது பேரும் ஒரே பிழை. மிஸ்டர் முத்து, இந்தக் கட்டடம் மெய்யெழுத்துகளைத் தின்கிறது."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"கட்டடம் தின்னவில்லை. எங்கள் எழுத்தில் அந்த இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். எல்லோருக்கும் சரியாகக் கேட்டிருக்கிறது. எழுதத்தான் வழியில்லை."

அவர் நம்பவில்லை. றெஜினா அக்காவை அழைத்து, தான் மறுபடி வாசிப்பதை எழுதாமல் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர் இரண்டையும் வேறுவேறாக, அச்சொட்டாகச் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து மூன்று பேரைச் சோதித்தார். அவர்களும் அப்படியே. நூற்றுக்கு ஆறோ ஏழோதான் பிழை.

"இப்போது போர்வைகளை ஒதுக்குங்கள்" என்றார்.

போர்வைகளைத் தூண்களுக்குப் பின்னால் தள்ளினோம். றெஜினா அக்கா ஒருவரையும் கேட்காமல் பாடத் தொடங்கினார். ஒரு குரல்தான். அது கூரைக்குப் போய், அங்கேயிருந்து விரிந்து இறங்கி, அடுத்த அடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே போனது. பாடற்குழு சேர்ந்துகொண்டது. அர்கிதெத்தோ முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சிஞ்ஞோரா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

எனக்கு அவர் நன்றி சொல்லவில்லை. திங்கட்கிழமை போனபோது என் மேசையில் புதிய வரைதாள் ஒட்டப்பட்டிருந்தது. அதன் தலைப்பில் தன் கையெழுத்தில் "திரைச்சீலைகள்" என்று எழுதி, வரைபவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரை ஒரு எழுத்தும் விடாமல் எழுதியிருந்தார். குவெஸ்தூராவால் முடியாதது அது.

நான்கு கிழமை வரைந்தோம். கம்பளித் துணி, சீலை ஓடுகிற தண்டவாளம், தூணுக்குப் பின்னால் சீலை ஒதுங்குவதற்கு அலுமாரி. ஒரு நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் ஆலோசனை கேட்டார். அவள் இடியப்பத்தை அவருடைய தட்டில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஒரே நீட்டுக்குத் தைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அப்பா. துண்டு துண்டாக் கழட்டக்கூடியதா இருக்கவேணும். ஒரு துண்டை ஒரு மனுசி தனியத் தூக்கவேணும். கழுவுறவளின்ரை இடுப்பையும் யோசிக்கச் சொல்லுங்கோ." அவர் இடியப்பத்தை விட்டுவிட்டு அதைக் கொப்பியில் எழுதினார். அதற்குப் பிறகு எங்கள் கந்தோரிலிருந்து போன எந்தப் படத்திலும், யன்னலோ விளக்கோ எதுவென்றாலும், இதைத் துடைப்பவர் எங்கே நிற்பார், எப்படித் தூக்குவார் என்று ஒரு குறிப்பு இருக்கும். கியாரா இன்றைக்கும் அதைப் போடுகிறாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அவகாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தன. எங்கள் பூசை இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது. அர்கிதெத்தோ எண்பதைத் தாண்டிய பிறகு தங்கையோடு இருப்பதற்காக அமெரிக்கா போனார். இப்போது அவர் இல்லை. அவரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அந்த மண்டபத்தின் திறப்பு விழாவைத்தான்.

அன்றைக்குச் சீலைகள் மூடியிருந்தன. பேராசிரியர்கள் முன்னால், எங்கள் சனம் நடுவில். அர்கிதெத்தோ மேடையில் இருக்க மறுத்துவிட்டு, கடைசி வரிசையில் எனக்கும் பிலோமினாவுக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல்கலைக்கழகத் தலைவர் பேசினார். ஒலிபெருக்கி இல்லை. ஒவ்வொரு சொல்லும் எங்கள் மடியில் வந்து விழுந்தது.

"இந்தத் திரைச்சீலை யோசனை," என்றார் தலைவர், "ஒரு மாபெரும் கட்டடக்கலைஞரின் நீண்ட அனுபவத்தில் கனிந்த ஞானம்." கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் அர்கிதெத்தோ என் பக்கம் சாய்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னோடு தனியே பேசும்போது அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்றைக்கு இத்தாலியனில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

"சீலை உங்கள் மனைவியுடையது. கயிறு கட்டிய கை உங்களுடையது. என்னுடையது இரண்டு மாதப் பிடிவாதம் மட்டும்."

மேடையில் தலைவரின் வாய் திறந்தபடி நின்றது. முன்வரிசையில் இருந்த சட்டப் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். பிறகு முழு மண்டபமும் திரும்பியது. முதலில் சிரித்தவர் சட்டப் பேராசிரியர்தான். சிஞ்ஞோரா எழுந்து நின்று கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். பிலோமினா சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஐயோ, எல்லாரும் என்னையெல்லே பாக்கினம்" என்றாள். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

சத்தம் அடங்கத் தலைவர் பேச்சைத் தொடர்ந்தார். நான் அர்கிதெத்தோவின் காதுக்கருகில் குனிந்தேன்.

"வேண்டுமென்றேதானே அப்படிச் சொன்னீர்கள்?"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்தார். "என்ன சொன்னீர்கள், மிஸ்டர் முத்து? இந்த மண்டபத்தில் ஒன்றுமே சரியாகக் கேட்பதில்லை."